இராசதுரைச் சம்பந்தியின் எரிச்சலும் ஜெனீவா மனுவும்

எங்கள் பேத்தி யதுர்ஷா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நடந்த முதல் சண்டை மூக்கைப் பற்றியது. நான் பிள்ளையின் அப்பப்பா. இராசதுரை அம்மப்பா. கண்ணாடித் தொட்டிலுக்குள் சிவந்த முகம் ஒன்று கொட்டாவி விட்டபடி கிடந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இராசதுரை குனிந்து, நிமிர்ந்து, என் முகத்தையும் பார்த்தார்.

"மூக்கு உங்கடை பக்கம்தான், சம்பந்தி. பறவாயில்லை. பெரிய மூக்கெண்டால் தடிமன் வந்தாலும் மூச்சு விடலாம்."

"கண் உங்கடை மோளின்ரை கண்," என்றேன், சமாதானத்துக்கு.

"பிறந்த பிள்ளையள் எல்லாத்துக்கும் கண் உப்பிடித்தான் இருக்கும்," என்றார். மூக்கு போன துக்கம் கண்ணால் ஆறவில்லை.

அவருடைய மனைவி புஷ்பராணி கதிரையில் இருந்தபடி சொன்னா: "இஞ்சாருங்கோ, பிள்ளை பிறந்து இன்னும் குளிக்கக்கூட இல்லை. அதுக்குள்ளை பங்கு பிரிக்கிறியள்."

இராசதுரையைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய எரிச்சலைப் பற்றி, அடுத்தவனைப் பார்த்து வயிறெரிகிற அந்தக் குணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை ஒளிக்க ஏலாது, அவரே ஒளிப்பதில்லை. இதையும் அவர் வாசிப்பார். வாசித்துவிட்டு, கொன்ஸ்ரன்ரைனைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேனா, தன்னைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேனா என்று விரல் வைத்து அளப்பார்.

கொன்ஸ்ரன்ரைன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாசையூர் ஆள், வேதக்காரர். இராசதுரை நெல்லியடிப் பக்கம், சைவம். எண்பத்தேழில் இருவரும் நோர்வேயின் வட முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்றவர்கள். கொன்ஸ்ரன்ரைன் கடலோடு வளர்ந்தவர், கத்தி அவர் கையில் தானாக ஓடும். அதுவரை மீனைத் தொட்டே அறியாத இராசதுரை முதல் கிழமை முழுக்க மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளன் வந்து கொன்ஸ்ரன்ரைனின் தோளில் தட்டுவான். இராசதுரையைத் தாண்டிப் போவான்.

"அவன் தாயின்ரை வயித்துக்குள்ளையே மீன் வெட்டினவன். அவனையும் என்னையும் ஒரு தராசிலை வைச்சால் அது ஞாயமோ?" என்று இன்றைக்கும் கேட்பார்.

வதிவிட அனுமதி கொன்ஸ்ரன்ரைனுக்கு முதலில் வந்தது. இராசதுரை அன்று சாப்பிடவில்லையாம். பிறகு தனக்கு வந்ததும், தன்னுடைய முத்திரைதான் வடிவாக விழுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். ஒஸ்லோவுக்கு வந்து ஆளுக்கொரு வீடு எடுத்தார்கள். இராசதுரைக்கு அம்மருட்டில் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடி. கொன்ஸ்ரன்ரைனுக்கு மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் தெருவிலேயே, சின்ன முற்றத்தோடு வரிசை வீடு. "முத்தம் இருந்தால் பனி வழிக்கோணும். எனக்கு மாநகரசபை வழிக்குது," என்பார் இராசதுரை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொன்ஸ்ரன்ரைனின் முற்றத்தை ஒருக்கால் எட்டிப் பார்க்காமல் போனதில்லை.

மூன்று பேரும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஹோட்டல்களின் பெட்சீற்றுகள் ஈரமாக வரும். ஒரு சீற்றை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, ஒரே இழுப்பில் விரித்து, சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் கை முந்தினால் மற்ற மூலை மடிந்து போய்விடும். நான் வண்டி தள்ளுகிறவன். இராசதுரையும் கொன்ஸ்ரன்ரைனும் ஒரே உருளையில் சோடியாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் திட்டியபடியே நிற்பார்கள். ஆனாலும் அவர்கள் உருளையில் இருந்து வரும் சீற்றில் ஒரு சுருக்கம் இராது.

அந்தச் சோடி பிரிந்தது இரண்டாயிரத்து ஐந்தில்.

இருவருக்கும் ஊரில் மறியலில், அதாவது சிறையில், ஆள் இருந்தது. கொன்ஸ்ரன்ரைனின் தம்பி சூசைதாசன். இராசதுரையின் தம்பி நகுலேஸ்வரன், உழவு மெசின் ஓடினவன். தொண்ணூறுகளின் நடுவில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்கள் இருவரும். இருவருக்கும் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் குற்ற ஒப்புதல் எழுதி, கையெழுத்து வாங்கி, அதை மட்டும் வைத்துக்கொண்டு நீண்ட தண்டனை கொடுத்தார்கள். மேல் கோடு வரை, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை, போய்ப் பார்த்தும் பலனில்லை. இருவரும் ஒரே மறியலில், ஒரே கட்டிடத்தில்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை விளங்கப்படுத்த வேண்டும். எனக்கே இமெல்டா பல தரம் சொல்லித்தான் விளங்கியது. இமெல்டா கொன்ஸ்ரன்ரைனின் மகள், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். தொண்ணூற்றேழில் இலங்கையின் அப்போதைய சனாதிபதி ஒரு சர்வதேச உடன்படிக்கையில் நாட்டைச் சேர்த்தார். உரிமை மீறப்பட்ட எவரும், நாட்டுக்குள் இருக்கும் கோடெல்லாம் ஏறி முடித்த பிறகு, ஜெனீவாவில் இருக்கும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு நேரே மனு எழுதலாம் என்பது அந்த உடன்படிக்கை. அந்த வாசல் திறந்ததே பலருக்குத் தெரியாது. கொன்ஸ்ரன்ரைனுக்கு மாதா கோயில் ஆட்கள் மூலம் தெரிந்தது. ஒரு நோர்வே வழக்கறிஞர் அம்மாவைப் பிடித்து மனு அனுப்பினார். மூன்று வருசம் கழித்து ஜெனீவா பதில் சொன்னது: சூசைதாசனுக்கு நடந்த விசாரணை நியாயமான விசாரணை அல்ல, இலங்கை அரசு இதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவருக்காகப் பூசை. தமிழ் வானொலியில் பேட்டி. சலவைத் தொழிற்சாலையில் நோர்வேக்காரரே கை கொடுத்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஜெனீவாவின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் யேசுவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். இராசதுரையும் வந்தார். நீண்ட நேரம் அதன் முன்னால் நின்றார்.

"கண்ணாடி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு," என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்கவில்லை.

மறுநாள் வேலையில் தனக்கு வேறு உருளை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு போலந்துக்காரப் பையனோடு நின்றார். அந்த உருளையில் வந்த சீற்றெல்லாம் அப்பளம் மாதிரிச் சுருங்கி வந்தது.

"சம்பந்தி, சூசைதாசன் இன்னும் மறியலுக்கைதானே கிடக்கிறான். ஒரு கதவும் திறக்கேல்லையே. இதிலை என்ன எரிச்சல் வேண்டிக் கிடக்கு?" என்று கேட்டேன். அப்போது நாங்கள் சம்பந்தியாகி அதிக காலம் இல்லை, பயந்துதான் கேட்டேன்.

"கதவு திறக்கேல்லை. ஆனால் உலகத்திலை ஒரு இடத்திலை அவன்ரை தம்பி குற்றவாளி இல்லை," என்றார். "என்ரை தம்பி எல்லா இடத்திலையும் குற்றவாளி."

"அப்ப நீங்களும் எழுதுங்கோவன்."

"அவனிட்டைப் போய்க் கேக்கச் சொல்லுறியளோ?"

கேட்கவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தினமும் அதையேதான் கதைத்தார். தம்பிக்காக விட்ட மூச்சில் பாதி கொன்ஸ்ரன்ரைனைத் திட்டுவதிலேயே போனது.

யதுர்ஷா பிறந்தது இரண்டாயிரத்து ஆறில், வெயில் நன்றாக எறிக்கிற காலம். எங்கள் வழக்கப்படி மருமகள் ஹம்சத்வனி பிள்ளையோடு தாய் வீட்டில், அம்மருட்டில் இருந்தாள். அதனால் நான் பேத்தியைப் பார்க்க மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பில் தே-பானே என்கிற நிலக்கீழ் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி மாறி, மறு கரை வரை போக வேண்டும். இராசதுரைக்கு அறைக்கதவைத் திறந்தால் பேத்தி. எனக்கும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

முப்பத்தோராம் நாள் பிறப்புத் துடக்குக் கழித்தோம். புஷ்பராணி இராசதுரையைக் கேட்காமலே கொன்ஸ்ரன்ரைன் குடும்பத்தையும் அழைத்துவிட்டா. கொன்ஸ்ரன்ரைன் பிள்ளைக்குக் கைச்சங்கிலியோடு வந்தார். தூக்கினார். பிள்ளை பொக்கை வாயால் சிரித்தது.

"வாயு," என்றார் இராசதுரை. "இந்த வயசிலை சிரிக்கிறது வாயுக்கு."

"என்ரை கையிலைதானே வாயு வந்தது. உன்ரை கையிலை அழுகைதான் வருது," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"உன்ரை மூஞ்சையைக் கண்டால் ஆர்தான் சிரிக்காயினம்."

ஒரு வருசத்துக்குப் பிறகு இருவரும் வாய் திறந்து திட்டிக்கொண்டது அப்போதுதான். எனக்குத் தைரியம் வந்தது. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"சம்பந்தி, நகுலனுக்கும் மனு எழுதுவிக்கலாமே. பிள்ளை இமெல்டா இஞ்சைதான் நிக்கிறா."

கொன்ஸ்ரன்ரைன் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு எழுதின ஆள் எனக்கு வேண்டாம்," என்றார் இராசதுரை.

இமெல்டா கெட்டிக்காரி. "மாமா, சூசைச் சித்தப்பாக்கு எழுதேக்கை நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தனான். அதை எழுதினது வேறை ஆள். உங்கடையை எண்டால் நான் எழுதுவன், நான் வேலை பழகிற அப்புக்காத்து பாத்துத் திருத்துவா. நான் எழுதிற முதல் மனு."

இராசதுரை யோசித்தார். "அப்ப அவன்ரையிலும் பாக்க நல்லா வருமோ?"

"வரும், மாமா."

"கொப்பரின்ரை காதிலை விழச் சொல்லு."

"அப்பா, மாமான்ரை மனு உங்கடையிலும் பாக்க நல்லா வரும்," என்று அவள் உரக்கச் சொன்னாள்.

"வரட்டும், வரட்டும்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "வடை ஒண்டு தாங்கோ தங்கச்சி."

அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் இமெல்டா அம்மருட்டுக்கு வந்தாள். நானும் பேத்தியின் சாட்டில் போய்விடுவேன். இராசதுரை சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். ஒவ்வொரு பந்திக்கும் அவர் கேட்பார்: "இது கொப்பரின்ரையிலை இருக்கோ?" இல்லையென்றால் முகம் மலரும். இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு வரி கூட்டச் சொல்லுவார். ஆனால் நகுலனைப் பிடித்துக்கொண்டு போன நாளைச் சொன்னபோது அப்படிக் கேட்கவில்லை. உழவு மெசின் இயங்கியபடியே தோட்டத் தறைக்குள் நின்றதாம். ஆளைத்தான் காணவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய், நித்திரையாகக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலில் நின்றார். ஏன் எழுப்புகிறீர்கள் என்று ஹம்சத்வனிகூடக் கேட்கவில்லை.

ஊரில் இருந்த அவருடைய அக்கா மறியலுக்குப் போய் நகுலனின் சம்மதத்தை வாங்கி அனுப்பினா. இமெல்டா வேலை பழகிய வழக்கறிஞர் திருத்திக் கொடுத்தா. செப்ரெம்பரில் எல்லாம் ஆயத்தம்.

அப்போதுதான் கொழும்பில் இருந்து செய்தி வந்தது. நான் வானொலி கேட்கவில்லை. இராசதுரைதான் தொலைபேசி எடுத்தார்.

"சம்பந்தி, கேட்டியளே?"

"என்ன, பிள்ளைக்கு ஏதும்?"

"பிள்ளை நல்லா இருக்கு. கொழும்புப் பெரிய கோடு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. வேறை ஒரு மறியல்காரன்ரை வழக்கிலை. சனாதிபதி தனியக் கையெழுத்துப் போட்டு அந்த உடன்படிக்கையிலை சேர்ந்தது செல்லாதாம். அரசியலமைப்புக்கு மாறாம். ஜெனீவா என்ன சொன்னாலும் இலங்கைக் கோட்டிலை அது ஒண்டுக்கும் உதவாதாம்!" அந்தக் குரலில் மோர் குடித்த குளிர்ச்சி இருந்தது. "சட்டம் போட்டு மாட்டி வைச்சிருக்கிறானே, இனிக் கழட்டட்டும். ஒரு வருசம் என்ன நடப்பு நடந்தவன்."

அவருக்குப் பின்னால் தாச்சி கழுவுகிற சத்தம் நின்றது. புஷ்பராணியின் குரல் வந்தது:

"இஞ்சாருங்கோ. எங்கடை மனுவும் அந்தக் கையெழுத்திலைதானே தொங்குது?"

இராசதுரை பட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் தே-பானே பிடித்து அம்மருட்டுக்குப் போனேன். இமெல்டாவும் வந்திருந்தாள். பாவம், அவளுடைய கண்ணும் சிவந்து கிடந்தது. இராசதுரை சட்டைப் பொத்தான் பூட்டாமல் கதிரையில் இருந்தார்.

"இது என்ன ஞாயம் பிள்ளை?" என்றார். "ஆணைப் பெண்ணாக்கவும் பெண்ணை ஆணாக்கவும்தான் ஏலாது, மிச்சம் எல்லாம் ஏலும் எண்டு ஒருத்தர் சொன்ன சனாதிபதிக் கதிரையெல்லோ அது? பாராளுமன்றத்தைக் கலைக்கலாம். அவசரகாலம் எண்டு ஆக்களை அள்ளலாம். எங்கடை பெடியள் ஒரு கடிதம் எழுத வழி விடுறதுக்கு மட்டும் அந்தக் கைக்குப் பலமில்லையோ?"

"வெளிநாட்டோடை உடன்படிக்கை செய்யச் சனாதிபதிக்கு அதிகாரம் இருக்கு மாமா. அதைக் கோடும் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றாள் இமெல்டா. "ஆனால் நாட்டுக்குள்ளை ஆக்களுக்குப் புது உரிமை குடுக்கிறதெண்டால், எங்கடை கோட்டுக்கு மேலாலை இன்னொரு இடத்திலை போய் முறையிடலாம் எண்டால், பாராளுமன்றம் சட்டம் போட்டிருக்கோணும் எண்டு சொல்லுது. தனி ஆள் கையெழுத்துப் போட்டுக் குடுக்கேலாதாம்."

"இஞ்சை மட்டும்? இஞ்சை அரசர் போட்டால் செல்லாதோ?"

"அரசர் பேரிலைதான் போடுறது. ஆனால் பெரிய விசயமெண்டால் ஸ்தூர்திங் சம்மதிக்கோணும், இஞ்சத்தைப் பாராளுமன்றம். இஞ்சை முதலே கேட்டுப்போட்டு உறுதிப்படுத்துவினம். அங்கை கையெழுத்தைப் போட்டுப்போட்டு வருசக்கணக்கா ஒருதரும் பாராளுமன்றத்திலை சட்டமாக்கேல்லை."

இராசதுரை தலையை ஆட்டினார். விளங்கி ஆட்டவில்லை. புஷ்பராணி பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தா.

"இதிலை விளங்காமல் என்ன கிடக்கு?" என்றா. "என்ரை சீதனக் காணியை உங்கடை அக்கான்ரை மோனுக்குத் தாறன் எண்டு கலியாண வீட்டிலை நாலு பேருக்கு முன்னாலை வாக்குக் குடுத்தனீங்களே, மறந்து போச்சோ?"

"அதை ஏன் இப்ப எடுக்கிறீர்?"

"அவன் நம்பி வந்து வேலி அடைச்சு வாழையும் வைச்சிட்டான். குலை தள்ளுற நேரம் என்ரை அம்மா போய் நிண்டவ. 'மருமோன் வாக்குக் குடுத்தது உண்மைதான். காணி என்ரை மோளின்ரை பேரிலை. அவள் கையெழுத்து வைச்சவளோ?' எண்டு கேட்டவ. அவனுக்கு என்ன சொல்லத் தெரியும்? அதுதான் இது. சனாதிபதி பாராளுமன்றத்தின்ரை சீதனத்தைத் தூக்கிக் குடுத்திட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இராசதுரையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான், மாமி," என்றாள் இமெல்டா. "ஆனால் ஒண்டு இருக்கு. காணி கிடைக்காட்டிலும், அந்த அக்கான்ரை மோன் இப்பவும் மாமாவைக் கேக்கலாம்தானே, 'ஏன் மாமா நாலு பேருக்கு முன்னாலை சொன்னனீங்கள்' எண்டு? மாமா மாட்டன் எண்டு சொல்லேலாது. ஜெனீவாவும் அப்பிடித்தான். இலங்கை குடுத்த கையெழுத்தைத் திருப்பி எடுக்கேல்லை. ஜெனீவா இன்னமும் மனுவை எடுக்கும், விசாரிக்கும், சொல்லும். கொழும்புக் கோடுதான் கணக்கிலை எடுக்காது."

"எடுத்து? ஒரு பேப்பர் தருவாங்கள்."

"ஓம், மாமா."

"கொப்பரிட்டை இருக்கிற மாதிரி."

அவள் மனுத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"அனுப்பாதை பிள்ளை," என்றார். "செத்த காசோலையை நான் ஏன் வாங்கோணும்."

திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, ஒரு வருசத்தில் முதல் முறையாக இராசதுரை தானாகவே கொன்ஸ்ரன்ரைனின் உருளைக்குப் போனார். சனிக்கிழமை என்னிடம் சொன்ன அந்த 'கழட்டட்டும்' என்ற கதையைச் சொல்லப் போகிறாரோ என்று நான் வண்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். கொன்ஸ்ரன்ரைன் தனியாக நின்றார். கையில் ஈரச் சீற்று. விரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சவரம் செய்யவில்லை.

இராசதுரை மற்ற மூலையைப் பிடித்தார்.

"கழட்டிப்போட்டியோ?" என்றார். குரலில் நக்கல் வரப் பார்த்து, வராமல் போனது.

"இல்லை. மனுசி மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறா. கழட்டினால் அதுக்குப் பின்னாலை சுவர் வேறை நிறமாத் தெரியும்." கொன்ஸ்ரன்ரைன் சீற்றை இழுக்கவில்லை. "நீ குடுத்துவைச்சனி, மச்சான்."

"நானோ?"

"நீதான். நீ ஒரு நாளும் நம்பேல்லை. நான் ஒரு வருசம் நம்பிப்போட்டன். சூசைக்கு எண்டு மேல் அறையிலை கட்டிலும் வாங்கிப் போட்டனான். இமெல்டாக்குக்கூடச் சொல்லேல்லை, மூத்த மோன் வந்தால் படுக்க எண்டு சொன்னனான். இப்ப அந்த அறைக் கதவைத் திறக்கப் பயமாக் கிடக்கு. உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. உன்னைப் பாக்க எனக்கு எரிச்சலாக் கிடக்கடா."

இராசதுரையைப் பார்த்து எரிச்சல் என்று உலகத்தில் எவரும் அதுவரை சொன்னதில்லை. அவர் கேட்க ஆசைப்பட்டிருந்த சொல் கிடைத்துவிட்டது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இழு," என்றார் கடைசியில். "சீற்று காயுது."

அந்த வாரம் முழுக்க இருவரும் ஒன்றாக நின்றார்கள். ஆனால் மனு அம்மருட்டில், குளிர்பெட்டிக்கு மேல் கிடந்தது. இமெல்டா கேட்டாள், நான் கேட்டேன், புஷ்பராணி கேட்பதை விட்டுவிட்டா. "அனுப்பி என்னத்தை?" என்பதுதான் பதில். அவருக்கு அது அவமானமாக இருந்தது என்று நினைக்கிறேன். கொன்ஸ்ரன்ரைனுக்கு வெற்றியாகக் கிடைத்தது, தனக்குக் கிடைக்கும் முன்பே பழுதாகிவிட்டது. பழுதானதை வாங்கி, அதையும் பெருமையாக மாட்டுவதா?

ஒக்ரோபர் முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் அம்மருட்டில் இருந்தபோது ஊரில் இருந்து அக்கா எடுத்தா. இராசதுரை சத்தமாகக் கேட்கிற மாதிரி விட்டுவிட்டுக் கதைப்பார், காது கொஞ்சம் மந்தம்.

"துரை, நேற்று தம்பியைப் பாத்தனான். மெலிஞ்சுதான் போனான். உன்னட்டை ஒண்டு கேக்கச் சொன்னவன்."

"என்னவாம்?"

"அங்கை சூசைதாசன் எண்டு ஒரு பெடியன் இருக்கிறானாமே, உன்ரை கூட்டாளியின்ரை தம்பி. அவனுக்கு ஜெனீவாவாலை வந்ததை மடிச்சுச் சட்டைப் பையுக்கை வைச்சிருக்கிறானாம். இப்ப அது செல்லாதெண்டு அவங்களுக்கும் தெரியும். எண்டாலும் புது ஆக்கள் வந்தால் எடுத்துக் காட்டுறானாம், 'நான் செய்யேல்லை எண்டு எழுதிக் கிடக்கு பார்' எண்டு. காவலாளியள்கூட அவனைக் கொஞ்சம் மரியாதையாத்தான் நடத்துறாங்களாம். தம்பி பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்லுறான், 'அக்கா, அவன் அதை ஆட்டேக்கை எனக்கு வயிறு பத்துது. அண்ணைக்கு நோர்வேயிலை ஒரு பேனை கிடைக்கேல்லையோ' எண்டு."

புஷ்பராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இராசதுரை எழும்பி நின்றார்.

"வயிறு பத்துது எண்டு சொன்னவனோ?"

"ஓம், அப்பிடியேதான் சொன்னவன்."

"அவன் என்ரை தம்பிதான்," என்றார். அவர் கண் கலங்கியது. அந்த மனிதர் அன்றுதான் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நம்பியவர் மாதிரி இருந்தார். "அக்கா, அடுத்த முறை போகேக்கை சொல்லு. வருகுதாம் எண்டு சொல்லு. சூசைதாசன்ரையிலும் பாக்கத் தடிப்பா வருகுதாம் எண்டு சொல்லு."

செல்லுமோ செல்லாதோ என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து, அம்மருட்டுக்குப் போய் உறையை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனோம். நான் பேத்தியைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்திருந்தேன். அவள் தொப்பிக்குள் நித்திரை. இராசதுரை வரிசையில் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முறை வந்ததும் கொடுக்காமல் திரும்பி, அதைப் பிள்ளையின் காலடியில் ஒருக்கால் தொட்டு எடுத்தார். கோயிலில் செய்கிற மாதிரி. மேசைக்குப் பின்னால் இருந்த நோர்வேப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள்.

உறையைத் தராசில் வைத்தாள். எண் ஓடி நின்றது. பதிவுத் தபால் முத்திரை ஒட்டினாள்.

இராசதுரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"சம்பந்தி, கொன்ஸ்ரன்ரைனுக்கு எடுங்கோ," என்றார்.

"இப்பவோ? என்னத்துக்கு?"

"எடுங்கோ எண்டுறன். அவன்ரை அந்த நேரம் எவ்வளவு நிறை வந்தது எண்டு கேளுங்கோ."

எடுத்தேன். கேட்டேன். மறு பக்கத்தில் கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். செப்ரெம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. அவன் ஒரு கிழமை கிடந்து புழுங்கட்டும்."

அப்படியே சொன்னேன். இராசதுரை உறை உள்ளே போகும்வரை பார்த்து நின்றார். தள்ளுவண்டியின் கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கினார். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"பாத்தியளே, சம்பந்தி?" என்றார். "அவனுக்கு எரிச்சல்."